காலை எடுத்தா நிக்கிற வண்டி

— எண்ணெயே மாத்த வேணாம்னா, அப்புறம் என்னத்துக்குத்தான் காரைத் தூக்கி மேல நிறுத்தி வெச்சிருக்கான் இவன்?

— மெதுவா பேசுங்க. ஷோயப் காதுல விழப்போவுது.

— விழட்டும் ஜெபா. நான் கம்பெனி பஸ் ஓட்டுறவன். எங்க பஸ் ஷெட்டுல சர்வீஸ்னா மெக்கானிக்குக்கு முழங்கை வரைக்கும் கருப்பாயிடும். இந்த ஆளு சட்டையைப் பாரு, கல்யாணத்துக்குப் போற மாதிரி நிக்கிறான்.

— விழுந்துடுச்சு ஜான்பீட்டர் அண்ணா, கேட்டுக்கினுதான் இருக்கேன். கரண்டு வண்டிக்கு மாறுனதுல எங்க வீட்டுல தஸ்லிமுக்குத்தான் ரொம்ப சந்தோஷம், சோப்பு மிச்சம்னு. ஸ்வல்ப தள்ளி நில்லுங்க, தலையில இடிச்சுக்கப் போறீங்க.

— ஷோயப், நீ இவருக்கு ஒண்ணொண்ணா சொல்லிக் குடு. நான் சொன்னா காதுல வாங்க மாட்டேங்குறாரு.

— எனக்கெதுக்கு? உன் வண்டி, நீ பாத்துக்கிற. அது பாட்டுக்குப் போவுது.

— எனக்கு முடியாத நாள்ல? நம்ம பொண்ணு லிபியாவுக்கு இன்னும் லைசென்ஸ் எடுக்குற வயசு வரலை. அது வரைக்கும் நீங்கதான் பாக்கணும். அப்புறம் அவளுக்குச் சொல்லிக் குடுக்கணும். கேளுங்க.

— சரி, சொல்லுப்பா. கேக்கலைன்னா இவ விட மாட்டா.

— பாருங்கண்ணா. அடியில பலகை மாதிரி நீட்டமா இருக்குதே, முழுக்க பேட்டரிதான். அது சூடாவாம இந்தக் கூலன்ட்டுதான் பாத்துக்குது. இந்தக் கோட்டுக்குக் கீழ இறங்கிடுச்சுன்னா நேரா என்கிட்ட வந்துடுங்க. குழாய்த் தண்ணிய மட்டும் ஊத்திடாதீங்க.

— குழாய்த் தண்ணிய ஊத்தித்தான்யா நான் நாசிக் வரைக்கும் லாரி ஓட்டுனேன்.

— அதனாலதாண்ணா முதல்லயே சொல்லிடுறேன்.

— ஆரஞ்சு ஒயரைச் சொல்லு ஷோயப். வண்டி கழுவுறேன்னு இவரு பைப்பை எடுத்தா பானெட்டுக்குள்ள எல்லாம் அடிப்பாரு.

— ஆமாண்ணா. ஆரஞ்சு கலர்ல ஒயர் எங்க தெரிஞ்சாலும் கை வெக்கக் கூடாது. ஆளை அடிச்சுப் போட்டுடும். நானே லைனைக் கழட்டிட்டு, ரப்பர் கிளவுஸ் போட்டுக்கினு, கொஞ்ச நேரம் காத்திருந்துதான் தொடுவேன்.

— அப்ப நாங்க எதைத்தான் தொடலாம்?

— டயரைத் தொடலாம். வண்டி கனம் ஜாஸ்தி, எடுக்குற வேகமும் ஜாஸ்தி, அதனால டயர் சீக்கிரம் தேஞ்சுடும். முன்னாடி பின்னாடி மாத்திப் போடணும், காத்து பாக்கணும். அப்புறம் உங்க பஸ்ல இருக்குற மாதிரியே சின்ன பேட்டரி ஒண்ணு இருக்குது. அது செத்துடுச்சுன்னா, அடியில இருக்குற பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் வண்டிக்கு உயிரே வராது.

— சார்ஜ் விஷயத்த நான் சொல்றேன். தெனம் எண்பது பர்சென்ட்டோட நிறுத்திடணும். தூரமா போற அன்னைக்கு மட்டும் முழுசா ஏத்தலாம். ரொம்ப நாளைக்கு எடுக்காம நிறுத்தி வெக்கிறதா இருந்தா, பாதியில வெச்சு நிறுத்தணும். முழுசாவும் இருக்கக் கூடாது, காலியாவும் விடக் கூடாது. எங்க செக்‌ஷனுக்கு பீஸ் செக் பண்ண வர்ற புதுப் பசங்களைக் கேக்குற மாதிரி கேக்குறேன், திருப்பிச் சொல்லுங்க.

— ரொம்ப நாளைக்கு யாரு நிறுத்தி வெக்கப் போறா?

— சொல்லுங்கன்னா.

— எண்பது. பாதி. போதுமா? வா, வீட்டுக்குப் போலாம். ரொம்ப நேரமா நின்னுக்கினே இருக்க.

— ரிஜெக்ட். மனசு வெச்சுச் சொல்லலை நீங்க. ஷோயப், பாத்ரூம் திறந்திருக்குதா?

— திறந்துதான் இருக்குக்கா. வழியில ஜாக்கி கிடக்குது, பாத்து.

— இரு, நானும் வரேன். கையைப் பிடிச்சுக்க.

— வேணாங்க. வாந்தி வர்ற மாதிரி இருக்குது, அவ்வளவுதான். முகம் கழுவினா சரியாயிடும். நீங்க இங்கயே இருந்து மிச்சத்தைக் கேளுங்க.

— அண்ணா… அக்கா அந்தப் பக்கம் போகட்டும்னுதான் இருந்தேன். தப்பா நினைச்சுக்காதீங்க. பெங்களூருக்கு அந்த கேன்சர் ஊசி போட்டுக்கப் போறப்ப, அவங்களேதான் ஓட்டிக்கினு போறாங்களா?

— ஆமா.

— வரும்போது?

— வரும்போதும்தான். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்.

— லாரி ஓட்டுனவரு, பஸ் ஓட்டுறவரு, பக்கத்துல உக்காந்துக்கினு வர்றீங்க. ஊசி போட்ட உடம்பு ஓட்டிக்கினு வருது. உங்களுக்கு எப்படிண்ணா மனசு வருது?

— இந்த வண்டி சத்தமே போடலை, எனக்குப் பிடிபடலைன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். பொய்தான். ஒரு வண்டி எனக்குப் பிடிபடாம போவுமா?

— அப்புறம் ஏன்?

— நீ ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்ததில்லப்பா. உள்ள போனா படுன்னுவான், திரும்புன்னுவான், கையை நீட்டுன்னுவான். நரம்பு கிடைக்கலைன்னு இன்னொரு கையைக் கேப்பான். எல்லாத்துக்கும் தலையை ஆட்டுவா. எங்க ஜெபாவா இதுன்னு இருக்கும். கம்பெனியில ஒரு கீறல் இருந்தாலும் பீசைத் திருப்பி அனுப்புறவ. உத்தனப்பள்ளியில அவங்கப்பா இவளை சைக்கிள் கூடத் தொட விட்டதில்ல. அந்தப் பொம்பள தானா போய் கத்துக்கினு, தானா வாங்குன வண்டி இது. வெளிய வந்து ஸ்டீரிங்கைப் பிடிச்சான்னா முதுகு நிமுந்துக்கும். அத்திப்பள்ளி தாண்டுற வரைக்கும் என்னைத் திட்டிக்கினே வருவா. பெல்ட்டைப் போடு, ஜன்னலை ஏத்து, அந்த லாரிக்காரன் ஓட்டுறதைப் பாருன்னு. அந்த நேரத்துக்கு அவ சொல்றதுதான் நடக்குது. அதை நான் எப்படிப் பிடுங்குறது?

— புரியுதுண்ணா.

— இன்னொண்ணும் இருக்குது. அந்த சீட்டுல நான் உக்காந்துட்டேன்னா, அவ இறங்கிட்டான்னு ஆயிடும். எனக்கு அது முடியல.

— இப்ப நான் ஒண்ணு காட்டணும். சொல்லலாமா வேணாமான்னு காலையில இருந்து யோசிச்சுக்கினு இருக்கேன். இப்படி வந்து குனிங்க. முன் பிரேக் டிஸ்க்கு.

— துருவாக் கிடக்குது.

— கரண்டு வண்டியில காலை எடுத்தாலே மோட்டாரு வண்டியை இழுத்துப் பிடிச்சு நிறுத்திடும். பிரேக்குக்கு வேலை கம்மி, அதனால லேசா துரு கட்டுறது சகஜம்தான். ஆனா தெனம் ஓடுற வண்டிக்கு இவ்வளவு கட்டாது. அக்கா பிரேக்கையே மிதிக்கலை. அந்த இழுத்துப் பிடிக்கிறதை இருக்குறதுலயே ஜாஸ்தியா வெச்சுக்கினு, காலை எடுத்து எடுத்தே ஓட்டியிருக்காங்க.

— அது நல்லதுதானே? கரண்டு மிச்சமாவுதுன்னு சொல்லுவா.

— நானும் அப்படித்தான் நினைச்சு, வண்டி விட வந்தப்ப கேட்டேன். சிரிச்சுக்கினே சொன்னாங்க. ஊசி போட்டதுல இருந்து பாதம் மரத்துப்போச்சு ஷோயப், பிரேக் மேல கால் இருக்குதா, எவ்வளவு மிதிக்கிறேன், ஒண்ணும் தெரியல. எடுக்குறது மட்டும்தான் தெரியுதுன்னு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க. திடீர்னு யாராச்சும் குறுக்க வந்தா காலை எடுக்குறது பத்தாதுண்ணா. மிதிச்சே ஆவணும்.

— பாதம் மரத்துப்போச்சுன்னா சொன்னா?

— அண்ணா, இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— வீட்டுல சமையல்கட்டுல கூட செருப்புப் போட்டுக்கினு நிக்கிறா. தரை சில்லுனு இருக்குதாக்கும்னு நான் நினைச்சுக்கினு இருக்கேன் ஷோயப். மரத்த காலோட… என்னை வேற பக்கத்துல உக்கார வெச்சு, ஐஞ்சாறு மாசமா கூட்டிக்கினு போய் கூட்டிக்கினு வந்திருக்கா.

— தண்ணி குடிங்க. அக்கா வர்றாங்க.

— என்ன, ரெண்டு பேரும் பேச்சு மூச்சு காணோம்? மிச்சத்தையும் சொல்லிக் குடுத்துட்டியா?

— சொல்லிட்டேன்கா.

— ஜெபா, சாவியைக் குடு.

— எதுக்கு?

— நான் ஓட்டுறேன்.

— உங்களுக்குத்தான் பிடிபடாதே.

— பிடிபடும். குடு.

— ஷோயப், நீ என்ன சொன்ன இவர்கிட்ட?

— டிஸ்க்கைக் காட்டிட்டேன்கா. மன்னிச்சுக்கங்க. வண்டியை உங்க கையில குடுக்க எனக்கு தைரியம் வரலை.

— அவனைப் பாக்காதே, என்னைப் பாரு. என்கிட்ட ஏன் சொல்லலை நீ?

— சொன்னா ஓட்ட விட மாட்டீங்க. எனக்குன்னு மிச்சம் இருந்தது அந்த ரோடு ஒண்ணுதாங்க.

— அந்த ரோடுதான் உனக்கு மிச்சம்னு எனக்குத் தெரியும்.

— தெரியுமா?

— தெரிஞ்சுதான் இத்தனை நாளா இந்தப் பக்கத்து சீட்டுல உக்காந்து உன்கிட்ட திட்டு வாங்கிக்கினு வந்தேன். வண்டி பிடிபடாதுன்னது சும்மா.

— அட பாவி மனுஷா.

— திட்டு. இனிமே பக்கத்துல உக்காந்துக்கினு திட்டு. சாவியைக் குடு.

— …இந்தாங்க.

— வண்டியை இறக்கிட்டேன்ணா. நீங்க பேசிக்கினு இருந்த நேரத்துல துருவைத் தேய்ச்சு எடுத்துட்டேன். ரோட்டுல பிரேக்கை நல்லா மிதிச்சு மிதிச்சு ஓட்டுனா மிச்சமும் போயிடும். முதல்ல நம்ம காம்பவுண்டுக்குள்ளயே ஒரு சுத்து சுத்திப் பாருங்க.

— சீட்டைப் பின்னாடி தள்ளிக்கங்க. முட்டி இடிக்குது பாருங்க.

— பரவால்ல, உன் அளவுலயே இருக்கட்டும்.

— இருக்கக் கூடாதுங்க. கால் மடங்கியிருந்தா பிரேக் சரியா மிதிக்க வராது. கீழ கையை விட்டுத் தள்ளுங்க. இன்னும். கண்ணாடியையும் உங்களுக்குத் தகுந்த மாதிரி திருப்பிக்கங்க.

— வண்டி ஸ்டார்ட் எடுத்துருச்சா? ஒண்ணுமே கேக்கலையே.

— எடுத்துருச்சு. மெதுவா. காலை எடுத்துப் பாருங்க… ஆங், பாத்தீங்களா, தானா பிடிக்குது.

— அடேயப்பா. ஆளையே முன்னாடி தள்ளுது. பஸ்ல ஒரு ஆளும் இல்லாம போற மாதிரி இருக்குது ஜெபா, இத்தனை அமைதி.

— நல்லா ஓட்டுறீங்க.

— பழகிடும். ரிஜெக்ட் பண்ணிடாதே.

— பண்ணலை. பாஸ்.

— ஷோயப், நாங்க அப்படியே கிளம்புறோம்ப்பா. ராயக்கோட்டை ரோட்டுல கொஞ்ச தூரம் மிதிச்சுப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிடுறோம்.

— நல்லபடியா போயிட்டு வாங்கண்ணா. அக்கா, உடம்பைப் பாத்துக்கங்க. இன்ஷா அல்லா, எல்லாம் சரியாயிடும்.

— வரேன் ஷோயப். தஸ்லிமைக் கேட்டேன்னு சொல்லு.

— காத்து வேணுமா ஜெபா? ஜன்னலை இறக்கட்டுமா?

— வேணாம். இப்படியே நல்லாருக்குது.

— ஒண்ணு சொல்லிடுறேன். இனிமே ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டுவேன். வர்ற செவ்வாக்கிழமை ஊசிக்கு வெள்ளனவே கிளம்பிடலாம். நீ பின்சீட்டுல தலகாணி போட்டுக்கினு படுத்துட்டு வா. முந்தின நாள் ராத்திரி முழுசா சார்ஜ் ஏத்தி வெக்கிறேன்.

— செவ்வாக்கிழமை போக வேணாங்க. போன தடவை நீங்க மருந்துக் கடையில நின்னுக்கினு இருந்தப்பவே டாக்டர் சொல்லிட்டாரு, இனிமே ஊசி போட்டும் பிரயோஜனம் இல்ல, வீட்டுல பிள்ளைகூட இருங்கன்னு… ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.