சிவப்புப் போர்வையில் பாதி

ஞானமலர்: அசையாமல் நில்லுங்கோ. ஊசி குத்தப் போகுது.

ராசன்: உதென்ன செய்யிறீர்?

ஞானமலர்: முழங்கையில ஓட்டை. தைக்கிறன்.

ராசன்: அது ஓட்டையாய்த்தான் இருக்கோணும், மலர். அதுக்காகத்தான் கோவிலால அந்தச் சேட்டைத் தந்துவிட்டவை.

ஞானமலர்: தந்தவை தரட்டும். ஓட்டையைப் பாத்துக்கொண்டு எனக்குச் சும்மா இருக்க ஏலாது.

ராசன்: நேற்றுத் தோய்ச்சும் போட்டீர்.

ஞானமலர்: தோய்க்காமல்? கோவிலின்ர நிலவறையில எத்தினை வருசம் கிடந்ததோ… அந்த மணம்.

ராசன்: தோய்ச்சது காணாதெண்டு அயனும் பண்ணியிருக்கிறீர். கையில மடிப்பு நிக்குது, இஞ்ச பாரும். பிச்சைக்காரன்ர சேட்டுக்கு ஆரப்பா மடிப்பு வைக்கிறது?

ஞானமலர்: நீங்கள் கந்தலோட றோட்டில இருந்தால் சனம் ஆரைச் சொல்லும்? பெண்சாதி கவனிக்கிறேல்லை எண்டு என்னைத்தான் சொல்லும்.

ராசன்: இது நாடகம். அரை மணித்தியாலம். பிள்ளையள் விளக்குப் பிடிச்சுக்கொண்டு பாட்டுப் பாடி வருவினம். புனித மார்ட்டின் குதிரையில வருவார். போர்வையை வாளால வெட்டி எனக்குப் பாதி தருவார். முடிஞ்சுது.

ஞானமலர்: வருசா வருசம் பாக்கிறன், எனக்குத் தெரியாதே? அந்தப் பிச்சைக்காரனாய் என்ர மனிசன் இருக்கிறதுதான் எனக்குப் புதுசு… கையைத் தூக்குங்கோ. இந்தப் பெனியனையும் உள்ளுக்குப் போடுங்கோ.

ராசன்: ஏற்கெனவே ரெண்டு போட்டிருக்கிறன்.

ஞானமலர்: நாலு பாகைதான் வெளியில. நிலத்தில இருக்கப்போறியள். போன மாரி முழுக்க இருமினது ஆர்?

ராசன்: மூண்டு பெனியனும் ஒரு சுவெற்றரும் போட்ட பிச்சைக்காரனுக்கு மார்ட்டின் என்னத்துக்குப் போர்வை தாறார்? பேசாமல் குதிரையைத் திருப்பிக்கொண்டு போயிடுவார்.

ஞானமலர்: போனால் நல்லது… மணி அடிக்குது. எமில் அண்ணையாய்த்தான் இருக்கும்.

ராசன்: அவன் ஏன் இஞ்ச வாறான்? நேர கோவிலுக்குத்தானே வாறனெண்டவன்?

ஞானமலர்: ரோல்ஸ் ஏத்தவாக்கும்.

ராசன்: மலர்… நீர் கூப்பிட்டனீரோ?

ஞானமலர்: வாங்கோ எமில் அண்ணை. இருங்கோ. பிளேன்டி ஊத்தட்டே?

எமில்: ஊத்து தங்கச்சி. எங்க உன்ர… ஐயோ ராசன். உதென்ன கோலம்? பிச்சைக்காரன் எண்டெல்லோ சொன்னவை? நீ கலியாணத்துக்கு வெளிக்கிட்ட ஆள் மாதிரி நிக்கிறாய்.

ராசன்: அதை இவவிட்டக் கேள்.

எமில்: சரி, பகிடியை விடு. நான் வந்தது கதைக்க.

ராசன்: தெரியும். சங்கத் தலைவராய் வந்திருக்கிறாய்.

எமில்: ஓமடா, தலைவராய்த்தான் வந்திருக்கிறன். இந்த முறை எங்கட தமிழ்க் கத்தோலிக்கச் சங்கம் எவ்வளவு செய்யுது எண்டு யோசிச்சுப் பார். போன சனிக்கிழமை பதினாறு பேர் வந்து, குதிரை சறுக்காமல் பாதையில கிடந்த ஈர இலையெல்லாம் வாரினம். எண்பது சாக்கு. பக்கத்து வீதியில தனிய இருக்கிற கிழவியளின்ர முற்றத்தையும் சேர்த்துத்தான். சங்கத்துப் பெண்டுகள், பிறேமா ஆக்கள், அகதியள் இருக்கிற ஹைமுக்குக் குடுக்கக் குளிர் உடுப்புச் சேர்த்தினம். முன்னூறு ரோல்ஸ்…

ஞானமலர்: முன்னூற்றி இருபது. நான்தான் பொரிச்சனான்.

எமில்: முன்னூற்றி இருபது ரோல்ஸ். வீதி மறிக்க நாலு பேர், மஞ்சள் சட்டையோட. இவ்வளவும் செய்யிறம், ஆரும் ஒரு படம் பிடிக்கேல்ல. இண்டைக்குப் பேப்பர்க்காரன் வாறான். அவன் எதைப் படம் பிடிப்பான் சொல்லு பாப்பம்?

ராசன்: குதிரையை.

எமில்: குதிரையையும் உன்னையும். கீழ எழுதுவான், தமிழர் எண்டு. முப்பது வருசத்துக்கு மேல ஜெர்மனியில வேலை செய்து, வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளையளைப் படிப்பிச்சு… கடைசியில கெல்சென்கிர்ச்சன் பேப்பரில தமிழன் வாறது கையேந்திக்கொண்டு.

ஞானமலர்: அந்தப் படம் பேப்பரோட நிக்காது அண்ணை. பின்னேரத்துக்குள்ள வாட்ஸ்அப்பில மன்னாருக்குப் போயிடும். என்ர தங்கச்சி போன் எடுத்து, அத்தானுக்கு அங்க வேலை போட்டுதோ எண்டு கேப்பாள்.

ராசன்: நாடகம் எண்டு சொல்லும்.

ஞானமலர்: சொன்னால் நம்புவாளே? மறைக்கிறம் எண்டு அழுவாள்.

எமில்: நீ மார்ட்டினாய் வந்திருந்தால் நானே மாலை போட்டிருப்பன்.

ராசன்: நான் குதிரையில ஏறினால் குதிரைக்குத்தான் மாலை போடோணும்.

எமில்: பகிடி விடாதை. ஏன் இதுக்குப் போய்ப் பேர் குடுத்தனி?

ஞானமலர்: பேர் குடுக்கேல்ல அண்ணை, பிழைச்சுப்போச்சு. பூசை முடியத் தொண்டு செய்யிற ஆக்களின்ர பட்டியல் சுத்தி வந்ததாம். இவர் கண்ணாடி போடாமல் கையெழுத்து வைச்சிட்டார். குதிரையின்ர கயிறு பிடிக்கிற வேலை எண்டு நினைச்சாராம்.

எமில்: அப்ப வேலை லேசு. கண்ணாடி போடேல்ல, பிழைச்சுப்போச்சு எண்டு சொல்லிப்போட்டால் சரி. பங்குச் சுவாமிக்கு ஒரு போன் அடிச்சால் காணும். ஆள் மாத்தலாம்.

ராசன்: இன்னும் ஒண்டரை மணித்தியாலம் இருக்குது. இப்ப ஆர் வருவினம்?

எமில்: ஆள் இருக்குது. அந்த எரித்திரியாக்காரன், தெஸ்ஃபாய். கோடையில ஹைமுக்கு வந்தவன், ஞாயிறுக்கு ஞாயிறு பூசையில கடைசி வாங்கில இருக்கிறவன். அவனைக் கேட்டால் மாட்டனெண்டு சொல்லான்.

ராசன்: வேண்டாம்.

எமில்: ஏன் வேண்டாம்? நல்ல மனிசன்.

ராசன்: நல்ல மனிசன்தான். அதாலதான் வேண்டாம்.

எமில்: இது புதுசாய் வாற ஆக்கள் செய்யிற வேலைதான், ராசன். அதுதான் வழமை. ஊர்ச் சனத்துக்கும் முகம் தெரிய வரும்.

ராசன்: என்னெண்டு தெரிய வரும்?

எமில்: நான் போனை எடுக்கிறன்.

ராசன்: போனை வை, எமில்.

ஞானமலர்: இஞ்சேருங்கோ, ஏன் கத்துறியள்?

ராசன்: கத்தேல்ல… போனை வை எண்டனான்.

எமில்: சரி. வைச்சிட்டன். இப்ப சொல்லு.

ராசன்: பிழைச்சுப்போய் வைச்ச கையெழுத்தில்லை அது. கண்ணாடி போட்டுத்தான் வைச்சனான்.

ஞானமலர்: என்ன?

ராசன்: பட்டியல் சுத்தி வந்து எல்லா இடமும் நிரம்பிப்போச்சு. பழரசம் காய்ச்ச ஆள், நெருப்புக்கு ஆள், குதிரைக்கு ஆள், எல்லாம். ஒரு வரி மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. பட்டியலோட நிண்ட அந்த மனிசி, பிச்சைக்காரனாய் ஆர் இருக்கிறியள் எண்டு கேட்டா. எல்லாரும் சப்பாத்தைப் பாத்தினம். பேந்து… தலை எல்லாம் மெல்ல மெல்லப் பின்னுக்குத் திரும்பிச்சுது.

ஞானமலர்: கடைசி வாங்குக்கோ?

ராசன்: ஓம். அந்த மனிசி பேனையோட அவனை நோக்கி நடந்தா. அவனுக்குப் பக்கத்தில அவன்ர மகள், ரெண்டாம் வகுப்பு. அவள் தான் செய்த காகித விளக்கை மடியில வைச்சிருந்தாள். அவள் இண்டைக்கு அதே வரிசையில வருவாள், வகுப்புப் பிள்ளையளோட. எல்லாப் பிள்ளையளும் பாக்க அவளின்ர தகப்பன் நிலத்தில கிடந்து கையேந்தோணுமே?

எமில்: நாடகமெண்டு நீதானே சொன்னனி?

ராசன்: எனக்கு நாடகம். என்ர பிள்ளையள் வளந்திட்டினம், வீடு இருக்குது, வேலை இருக்குது. நான் போய் இருந்தால் அது நடிப்பு. அவன் போய் இருந்தால் அதுக்குப் பேர் நடிப்போ?

ஞானமலர்: அப்ப என்ன செய்தனியள்?

ராசன்: எழும்பி ஓடிப்போய் அந்த மனிசியின்ர கையில இருந்த பேனையைப் பறிச்சனான். அவ பயந்துபோனா.

ஞானமலர்: இதை வீட்டில வந்து சொல்லியிருக்கலாமே? ரெண்டு கிழமையாய் நான் உங்களோட மல்லுக்கட்டுறன்.

ராசன்: சொன்னால் மிச்சத்தையும் சொல்லோணும்.

ஞானமலர்: என்ன மிச்சம்?

ராசன்: நான் முந்தியும் ஒருக்கா இருந்தனான்.

ஞானமலர்: எங்க?

ராசன்: இதே கோவிலில. இதே பிச்சைக்காரனாய். தொண்ணூற்றி ஒண்டில.

ஞானமலர்: நான் வர முதலே?

ராசன்: நான் வந்து ஆறு கிழமை. அகதியளை வைச்சிருந்த பழைய பள்ளிக்கூடத்தில இருந்தனான். ரெண்டு மனிசியள் வந்தவை. எல்லாரையும் பாத்தவை, என்னைக் காட்டினவை. நான்தான் நல்ல மெலிவு. எனக்கு டொச்சு மொழியில தெரிஞ்சது 'டங்க', நன்றி, எண்ட ஒரு சொல்லுத்தான். வேலை தரப்போயினம் எண்டு நினைச்சு, தலை இழுத்து, பவுடரும் போட்டுக்கொண்டு போனனான்.

ஞானமலர்: பவுடரோ?

ராசன்: வேலைக்கெல்லோ. கொண்டுபோய் ஒரு நெருப்புக்குப் பக்கத்தில இருத்திச்சினம். சுத்திவரப் பிள்ளையள். சரி, இதென்ன வேலை எண்டு யோசிக்கேக்க ஒரு குதிரை வந்தது. நான் மன்னாரில கழுதைதான் கண்டவன். அந்தக் குதிரை மாடி வீட்டளவு. மேல ஒருத்தன், தலையில தொப்பி, இடுப்பில வாள். கிட்ட வந்து வாளை உருவினான்.

ஞானமலர்: மாதாவே.

ராசன்: நானும் மாதாவைத்தான் கூப்பிட்டனான். கண்ணை மூடி அருள்நிறை மரியே பாதி சொல்லியிருப்பன், 'சர்ர்' எண்டு ஒரு சத்தம். திறந்து பாத்தால் அவன் தன்ர போர்வையில பாதியை எனக்கு நீட்டிக்கொண்டு நிக்கிறான். சிவப்பு. நல்ல மொத்தமான துணி. எல்லாரும் கை தட்டினம், பாட்டுப் பாடினம்.

ஞானமலர்: நீங்கள்?

ராசன்: நான் 'டங்க' எண்டு சொல்லி வாங்கிப் போத்தினன். இந்த நாட்டில அகதியளை இப்பிடித்தான் வரவேற்கிறவை போல, ஒருத்தர் ஒருத்தராய்க் கூப்பிட்டுக் குதிரையில வந்து குடுக்கினம் எண்டு நினைச்சன். எழும்பி, எல்லாருக்கும் கும்பிட்டுப்போட்டு… வீட்டை வந்திட்டன்.

ஞானமலர்: போர்வையோடயோ?

ராசன்: போர்வையோடதான். ஹைமில எல்லாருக்கும் காட்டினன். மூண்டு இரவு அதைப் போத்திக்கொண்டு படுத்தன். அம்மாவுக்கும் கடிதம் எழுதினன், ஒரு பெரிய மனிசர் குதிரையில வந்து தன்ர கையால தந்தவர் எண்டு.

ஞானமலர்: இருங்கோ… அதே இது? கலியாணம் பேசேக்க மாமி எங்கட வீட்டில சொன்னவ. மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில குதிரை வைச்சிருக்கிற பெரிய பெரிய ஆக்களைப் பழக்கம் எண்டு.

ராசன்: ஓம்.

ஞானமலர்: எங்கட ஐயா அதுக்காகத்தான் ஓமெண்டவர்.

ராசன்: அதாலதான் நான் வாய் திறக்கேல்ல.

ஞானமலர்: பேந்து? போர்வைக்கு என்ன நடந்தது?

ராசன்: நாலாம் நாள் அந்த ரெண்டு மனிசியளும் வந்தவை. என்ர கட்டிலில கிடந்த போர்வையைக் காட்டினவை. எனக்கு விளங்கேல்ல. அப்ப ஒருத்தி பையுக்குள்ளயிருந்து மற்றப் பாதியை எடுத்து, ரெண்டையும் ஒட்டிக் காட்டினா. இழுத்தால் 'சர்ர்' எண்டு கழருற ஒட்டு. வருசா வருசம் வெட்டுற போர்வை அது. அப்பதான் எனக்கு விளங்கிச்சுது.

ஞானமலர்: ஏசினவையோ?

ராசன்: சீச்சீ. சிரிச்சினம். நல்ல சனம், நக்கல் ஒண்டும் இல்லை. ஒரு பை நிறையச் சுவெற்றரும் தந்தவை. நானும் சிரிச்சனான். ஹைமில நிண்ட இருபது பேரும் சிரிச்சினம். சிரிச்சு முடிஞ்சு… ரெண்டு வருசம் நான் அந்தக் கோவில் பக்கம் போகேல்ல. தெஸ்ஃபாய்க்கு அப்பிடி நடக்காது எண்டு தெரியும். அவன் படிச்சவன், என்னை மாதிரி இல்லை. ஆனால் அந்த மனிசி பேனையோட நடக்கேக்க எனக்கு இருக்க ஏலாமல் போச்சு. அவ்வளவுதான்.

ஞானமலர்: இதை எனக்கு இருபத்தொன்பது வருசமாய்ச் சொல்லேல்ல.

ராசன்: சொன்னால் சிரிப்பீர் எண்டு.

ஞானமலர்: சிரிப்பன்தான். பவுடருக்குச் சிரிப்பன்… நேரம் போகுது. வெளிக்கிடுங்கோ. நான் தெஸ்ஃபாயின்ர பிள்ளைக்குப் பக்கத்தில நிண்டுகொள்ளுறன். எமில் அண்ணை, ரோல்ஸ் தட்டைத் தூக்குங்கோ. எமில் அண்ணை?

எமில்: ம்.

ஞானமலர்: என்ன பேசாமல் இருக்கிறியள்? தேத்தண்ணியும் ஆறிப்போச்சு.

எமில்: ராசன், நீ சொன்ன பழைய பள்ளிக்கூடம்… றெயில் பாதைக்குப் பக்கத்தில இருந்ததோ?

ராசன்: ஓம். இப்ப இடிச்சுப்போட்டினம். ஏன்?

எமில்: நீ எப்ப அங்கயிருந்து போனனி?

ராசன்: தொண்ணூற்றி ரெண்டு பங்குனியில வீடு தந்தவை. நாங்கள் ரெண்டு பேரும் சந்திச்சது அதுக்குப் பிறகெல்லோ, தமிழ்ப் பூசையில.

எமில்: நான் அந்த வருசம் ஆவணியில வந்தனான்.

ராசன்: எங்க வந்தனி?

எமில்: அதே பள்ளிக்கூடத்துக்கு.

ஞானமலர்: அப்ப அண்ணை… நீங்களும்…

எமில்: கார்த்திகை பிறக்க முதல் அந்த ரெண்டு மனிசியளும் வந்திட்டினம், தங்கச்சி. ஆனால் என்னைச் சும்மா கூட்டிக்கொண்டு போகேல்ல. மொழிபெயர்க்க ஒரு ஆளையும் கொண்டு வந்து, உடுப்பு மாத்த முதலே, மாத்தினாப் பிறகு, நெருப்புக்குப் பக்கத்தில இருத்தேக்க எண்டு மூண்டு தரம் சொன்னவை. போர்வையைத் திருப்பித் தரோணும், போன வருசம் உங்கட ஆள் ஒருத்தன் கொண்டுபோட்டான் எண்டு. குதிரை போய் முடியுமட்டும் ஒருத்தி என்ர தோளில இருந்து கையை எடுக்கேல்ல. முப்பத்திமூண்டு வருசமாய் யோசிச்சுக்கொண்டிருக்கிறன் ராசன், ஆரடா அந்த மடையன் எண்டு.