காட்டாங்குளத்தூரில் ஒரு ஊட்டி

– எவ்வளவு தட்டினாலும் அந்தக் கதவு திறக்காது, ஜான்சி. உங்க அம்மாவும் அப்பாவும் காலையில ஆறரைக்கே பெட்டியும் கையுமா கிளம்பிட்டாங்க.

– எங்க போனாங்க, லோகநாயகி ஆன்ட்டி? அப்பா போன் ஆஃப்ல இருக்கு. அம்மாவோடது உள்ளேயே அடிக்குது. சனிக்கிழமைன்னா ட்வின்ஸைக் கொண்டுவந்து விடுவேன்னு தெரியும்ல? அப்பாவுக்கு பிரஷர் வேற.

– பயப்படாதே, ஒண்ணும் ஆகல. நீ வந்தா, ஊட்டி போயிருக்கோம், திங்கட்கிழமை வந்துடுவோம்னு சொல்லச் சொல்லிட்டுப் போனா உங்கம்மா அருள்மேரி. சொல்லிட்டேன். மேற்கொண்டு எனக்கெதுக்கு வம்பு.

– ஊட்டியா? மலையில பஸ் ஒரு வளைவு திரும்பினாலே அம்மாவுக்கு வாந்தி வருமே.

– அதானே. போன மாசமும் ஊட்டி, அதுக்கு முந்தின மாசமும் ஊட்டி. ஊருக்குப் போனா அக்கம்பக்கத்துக்குக் கையில ஏதாவது கொண்டுவரணும் இல்லையா, உங்க அம்மா மறக்காம ஆளுக்கொரு டப்பா ஊட்டி வர்க்கி பிஸ்கட் கொடுத்தா. நல்ல மொறுமொறுப்பு. டப்பாவைத் திருப்பிப் பார்த்தா, நம்ம கிழக்குத் தாம்பரம் பேக்கரி ஸ்டிக்கர்.

– சுத்தி வளைக்காதீங்க ஆன்ட்டி. எங்க இருக்காங்க?

– காட்டாங்குளத்தூர்ல.

– இதோ இங்க இருக்கிற காட்டாங்குளத்தூரா?

– மின்சார ரயில்ல ஏறினா அரை மணி நேரம். பிள்ளைங்களை காலேஜ்ல சேர்க்க வர்றவங்க தங்குற லாட்ஜ். அட்மிஷன் முடிஞ்சா அங்க ஈ காக்கா கிடையாது. அதுல ஒரு மாடி ரூம். நான் ஒண்ணும் வேவு பார்க்கப் போகல. எங்க அண்ணன் பையன் கேஷவ் அங்க ஹாஸ்டல்ல இருக்கான், போன மாசம் அவனைப் பார்த்துட்டு வரப் போனேன்.

– அவன் மூணு வருஷமா அங்கதானே இருக்கான்?

– பாசம் எப்போ பொங்கும்னு யார் கண்டா? கேளு. உங்க அப்பா லுங்கியோட வராண்டாவுல உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், வரி விளம்பரம்கூட விடாம. உங்க அம்மா ஈரத் தலையை விரிச்சுப் போட்டுட்டு ஒரு நாற்காலியில உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில காலை நீட்டியிருக்கா. கையில யாரோ போட்ட காபி. கூப்பிடலாம்னு வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கிட்டேன்.

– நீங்களா?

– நானேதான். எங்க வீட்டுக்காரர் இன்னும் நம்பல. எதிர்வீட்டுல பதினாலு வருஷமா இருக்கேன் ஜான்சி, உங்க அம்மாவுக்கு அப்படி ஒரு முகம் இருக்குன்னு எனக்கே தெரியாது.

– புரியுது. என்கிட்ட இருந்து தப்பிச்சு ஓடியிருக்காங்க.

– அப்படி நான் சொல்லல. இதுவரைக்கும் புதன்கிழமையாப் பார்த்துத்தான் போனாங்க. இந்தத் தடவைதான் துணிஞ்சு சனிக்கிழமையில கை வெச்சுட்டாங்க. உன்கிட்ட சொல்ல ரெண்டு பேருக்கும் பயம். பேரப்பசங்க மேல உசிருதான், இல்லேங்கல. ஆனா போன வாரம் அந்த வாலுங்க ரெண்டும் குழாயைத் திறந்துவிட்டு என் வாசல் வரைக்கும் வெள்ளம்.

– நேராவே சொல்லியிருக்கலாம். எங்களுக்கு மட்டும் என்னவாம்? நானும் எபியும் புருஷன் பொண்டாட்டியா உட்கார்ந்து ஒரு வேளை நிம்மதியா சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு. இன்னைக்காவது ரெண்டு மணி நேரம் தூங்கலாம்னு வந்தோம்.

– பாவம்தான். அதுக்காகக் கோபத்துல அங்க போய் நின்னுடாதே. ரெண்டு நாள் நிம்மதியா இருந்துட்டு வரட்டும்.

– நிக்க மாட்டேன். அம்மா கண்ணுல படாம அந்தப் பக்கம் வேற லாட்ஜ் இருக்கா?

– நாலு இருக்கு. ஸ்டேஷன்ல இறங்கி இடது கைப் பக்கம். மூணாவதுதான் சுத்தம், பாத்ரூம் வரைக்கும் பார்த்துட்டேன். எதுக்குக் கேட்கிறே?

– எபி, ஆட்டோவை அனுப்பிடாதீங்க, நாம ஸ்டேஷன் போறோம். பசங்களா, செருப்பைக் கழட்டிட்டு உள்ளே ஓடுங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் லோகநாயகி ஆன்ட்டி வீடுதான். எதிர்வீட்டையே இவ்வளவு அக்கறையா பார்த்துக்கிறவங்க, உங்க ரெண்டு பேரையும் பார்த்துக்க மாட்டாங்களா?