கந்தம்மாளின் பதினைந்து நூல்கள்

சேலம், 1939 ஜூலை 20. சப்-மாஜிஸ்திரேட் அவர்கள் முன்பாக.

பெயர் கருப்பண்ணன், தகப்பனார் பெயர் மணியன், வயது நாற்பத்தேழு, அம்மாபேட்டை அநாதைக் குழந்தைகள் விடுதியின் மேற்பார்வையாளன், ஆசிரியர் பயிற்சித் தேர்வில் மூன்றாம் தடவை தேறியவன்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விடுதியின் நோய்ப் பதிவேட்டில் கடந்த மூன்று மாதத்துக்கும் 'நலம்' என்று நான் ஒரே மத்தியானத்தில், வெற்றிலை போட்டுக்கொண்டே எழுதினேன். பதினோராம் பக்கத்துச் சிவப்புக் கறை ரத்தம் அல்ல.

விதிப்படி பதினான்கு குழந்தைகள் தங்கும் எங்கள் விடுதியில் சான்று பெற்ற தாதி இருக்க வேண்டும். இருப்பவள் கந்தம்மாள். திருச்செங்கோட்டுப் பக்கத்தவள், இங்கே தறிக்காரர்களுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், எழுத்து தெரியாது. அவளை நீக்க வேண்டுமென்று ஒருவர் மனுப் போட்டார்; இந்த விசாரணையும் அதன் பேரில்தான். யாரென்று தெருவுக்கே தெரியும், கேட்கப்படாததால் சொல்லவில்லை. தாதி இல்லையென்றால் அனுமதி ரத்தாகும், குழந்தைகளை மூன்று ஊருக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள்.

அதன் பிறகு இம்மாதம் 12ஆம் தேதி காலை பரிசோதக அதிகாரி வந்தார். நான் கதவோரம் நின்றேன். அவர் என் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "இந்தப் பிள்ளைகளுக்கு நோயே வராதா?" என்றார். கந்தம்மாள், "நோட்டுல வராதுங்க, ஒடம்புல வருமுங்க" என்றாள்.

அதன் பிறகு அவள் சுவர் ஆணியில் தொங்கிய நூல்களை எடுத்து வந்தாள். தறியில் மிஞ்சிய நூல், பிள்ளைக்கு ஒரு நிறம், காய்ச்சல் கண்ட நாளுக்கு ஒரு முடிச்சு. அதிகாரி சிவப்பைத் தொட்டார்.

"மயிலம்மாளுதுங்க. வைகாசில நாலு நாள் காச்சல், ஒரு நாள் உட்டு மறுக்கா ரெண்டு நாளுங்க."

அவர் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை வரவழைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. அதன் பிறகு, "பிள்ளைகள் பதினாலு, நூல் பதினஞ்சு இருக்கே?" என்றார்.

"அது ஒரு பெரிய பிள்ளையுதுங்க சாமி."

யாரைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு அதிகாரி, தை மாதம் நடக்கும் தாதிப் பரீட்சைக்கு அவள் உட்காரலாம், அதுவரை வேலையில் இருக்கலாம் என்று எழுதி வைத்துப் போனார். எழுத்துச் சொல்லிக் கொடுப்பது என் பொறுப்பு. எட்டு நாளில் அவள் முதல் சொல்லை வாசித்துவிட்டாள். 'நலம்' என்ற சொல்தான். பதிவேட்டில் அது தாராளமாகக் கிடைக்கிறது. தைக்குள் தேறிவிடுவாள் என்று நம்புகிறேன். பிள்ளைகள் பந்தயமே கட்டியிருக்கிறார்கள்.

நான் சொன்னபடியே இதில் எழுதியிருக்கிறது, யாதொன்றும் மறைக்கவில்லை, வாசிக்கக் கேட்டு ஒப்புக்கொள்கிறேன்.

திருத்தம்: வாசித்துக் காட்டியபோது, உடன் வந்த கந்தம்மாள் பதினைந்தாவது நூலை மேசைமேல் வைத்தாள். அது என்னுடையதாம். நான் விடுதிக்கு வராத நாளுக்கு ஒரு முடிச்சு; கடைசி முடிச்சு ஜூலை 12. ஆகையால் 'நான் கதவோரம் நின்றேன்' என்பதை அடித்துவிடக் கோருகிறேன்; அங்கே நடந்த மற்றவை பிள்ளைகள் சொல்லக் கேட்டவை. அன்று நான் வாழப்பாடியில் மச்சினன் வீட்டுக் காதுகுத்து விருந்தில் இருந்தேன்.

(ஒப்பம்) கருப்பண்ணன்