சாம்பிள் மணப்பெண்

சுல்ஃபத்: இதுல கை எங்க மச்சான்?

ஷிஹாப்: கையா?

சுல்ஃபத்: ஆமா, கை. மைலாஞ்சிப் படம்னா கை தெரியணும்ல? உங்க அம்மா முதுகு வலிக்க வலிக்க உக்காந்து மருதாணி இட்டுவிட்டாங்க.

ஷிஹாப்: அடுத்ததுல இருக்கும். தள்ளிப் பாரு.

சுல்ஃபத்: அடுத்ததுலயும் என் மூஞ்சி. அதுக்கடுத்தது... மூஞ்சி. இது... பாதி மூஞ்சி!

ஷிஹாப்: அது ஒரு ஸ்டைல்.

சுல்ஃபத்: ஸ்டைலு! நான் இப்படி ஒரு கல்யாணத்தை எடுத்துட்டு வந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

ஷிஹாப்: ...கடையை விட்டே துரத்தியிருப்பேன்.

சுல்ஃபத்: சொல்லுங்க அப்ப. வளையல் எங்க? பக்கத்துல உக்காந்திருந்த ஃபிதா எங்க? பாவம், தோழியா உக்காரணும்னு காலைலேர்ந்து மேக்கப் போட்டா. சொந்தத் தங்கச்சியை ஒரு காது மட்டும் விட்டுட்டு மீதியை வெட்டிட்டீங்க.

ஷிஹாப்: அவ வாயே மூடல.

சுல்ஃபத்: படத்துல சத்தம் கேக்குமா?

ஷிஹாப்: சாயா ஆறுது. குடி.

சுல்ஃபத்: பேச்சை மாத்தாதீங்க. நாளைக்கு அனில் சேட்டன் வந்து இதைப் பார்த்தா, "கல்யாண ஆல்பம் கேட்டேன், பாஸ்போர்ட் போட்டோ காட்டுறீங்களே"ன்னு கேப்பாரு.

ஷிஹாப்: பாஸ்போர்ட்ல இவ்வளவு அழகா... இவ்வளவு வெளிச்சம் வராது.

சுல்ஃபத்: என்ன சொன்னீங்க?

ஷிஹாப்: வெளிச்சம்னேன்.

சுல்ஃபத்: ம்... மச்சான், விளையாட்டு இல்ல. கலூர்ல அவ்வளவு பெரிய கம்பெனி வச்சிருக்கிற மனுஷன் நம்ம மட்டாஞ்சேரிக் கடையில பங்கு சேர வரேங்கறாரு. காட்ட நம்மகிட்ட என்ன இருக்கு? ஆண்கள் பக்கம் எடுத்தது. மாப்பிள்ளை, காரு, பிரியாணி. அது எல்லாக் கடையிலயும் இருக்கு.

ஷிஹாப்: நம்ம நல்ல வேலையெல்லாம் உன் பக்கம்தான். பெண்கள் பக்கம்.

சுல்ஃபத்: அதைத்தான் காட்ட முடியாதே.

ஷிஹாப்: எப்படிக் காட்டுறது? நீயே எடுக்குற, நீயே சரி பண்ற, பொண்ணோட உம்மா கையில கொடுத்துட்டு இங்க அழிச்சுடுற. கடைக்காரன் நான், நானே ஒரு படம் பார்த்ததில்ல.

சுல்ஃபத்: பார்க்க ஆசையோ?

ஷிஹாப்: சே! அப்படிச் சொல்லித்தானே வேலை பிடிக்கிறோம். "ஆம்பளை கண்ணு படாது இத்தா, தைரியமா இருங்க"ன்னு.

சுல்ஃபத்: அதனாலதான் சாம்பிளுக்கு நான் மணப்பெண் வேஷம் போட்டேன். என் படத்தை ஊருக்கெல்லாம் காட்ட மாட்டேன்னு ரெண்டு வாரம் சொல்லிப் பார்த்தேன். விட்டாத்தானே நீங்க? இப்போ பாருங்க, சாம்பிள்ல சாம்பிளே இல்ல... இருங்க, போன். வீட்லேர்ந்து... ம், கடைலதான்மா. மச்சான்கூட ஆல்பம் பாக்குறேன்... ஞாயித்துக்கிழமைக்கா? அந்த நீலமே போதும்மா... புதுசெல்லாம் வேண்டாம். அவங்க துணியப் பார்க்கவா வராங்க?... சரி... சரிம்மா, வைக்கிறேன்.

ஷிஹாப்: பாலக்காட்டுக்காரங்களா?

சுல்ஃபத்: ஆமா.

ஷிஹாப்: உறுதியா வராங்களா?

சுல்ஃபத்: பிரியாணிக்குச் சொல்லியாச்சு. வராம?

ஷிஹாப்: மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

சுல்ஃபத்: டைல்ஸ் கடை. சொந்தக் கட்டடமாம்.

ஷிஹாப்: சொந்தக் கட்டடமா... நல்ல மதிப்பு இருக்கும்.

சுல்ஃபத்: கட்டடத்துக்கா, மாப்பிள்ளைக்கா?

ஷிஹாப்: நீ சரின்னு சொல்லிட்டியா?

சுல்ஃபத்: இன்னும் இல்ல. வேண்டாம்னும் சொல்லல. வேண்டாம்னா அத்தா காரணம் கேப்பாரு. என்கிட்ட என்ன காரணம் இருக்கு?

ஷிஹாப்: சாயா இன்னொண்ணு சொல்லவா?

சுல்ஃபத்: சொல்லுங்க மச்சான். என்ன காரணம் இருக்கு?

ஷிஹாப்: நீ போயிட்டா இந்தக் கடையோட மதிப்பு பாதியாயிடும்.

சுல்ஃபத்: கடையோட மதிப்பு மட்டும்தானா?

ஷிஹாப்: கடைக்குத்தானே மதிப்புப் போட ஆள் வராங்க...

சுல்ஃபத்: எப்பப் பார்த்தாலும் மதிப்பு, மதிப்பு. போன வருஷம் ட்ரோன் வாங்குனீங்க. அப்புறம் போர்டு மாத்துனீங்க. இப்போ பங்குக்கு ஆள். எதுக்கு இப்படிக் கிடந்து ஓடுறீங்க? நல்லாத்தானே ஓடுது கடை?

ஷிஹாப்: ஒருத்தர் சொன்னாரு. "கல்யாண வாசல்ல நின்னு படம் பிடிக்கிறதெல்லாம் ஒரு பிழைப்பா? கடைன்னு சொல்ற மாதிரி ஆகட்டும், அப்புறம் வந்து பேசு"ன்னாரு.

சுல்ஃபத்: யாரு, பேங்க் மேனேஜரா?

ஷிஹாப்: கிட்டத்தட்ட.

சுல்ஃபத்: இந்த மேனேஜருக்குத் தாடி நரைச்சிருக்குமோ? சுக்குக் குடோன்ல உக்காந்து, வர்றவன் போறவனையெல்லாம் அதட்டிக்கிட்டு இருப்பாரோ?

ஷிஹாப்: அதை விடு.

சுல்ஃபத்: எங்க அத்தாகிட்ட எப்போ போய்ப் பேசினீங்க?

ஷிஹாப்: அது... ட்ரோன் வாங்குறதுக்கு முன்னாடி. பேசவே இல்ல. வாயைத் திறக்கறதுக்குள்ள மாமா அதைச் சொல்லிட்டாரு. எழுந்து வந்துட்டேன்.

சுல்ஃபத்: எழுந்து வந்துட்டீங்க. வந்து என்கிட்ட சொன்னீங்களா?

ஷிஹாப்: கடை கொஞ்சம் ஏறட்டும்னு...

சுல்ஃபத்: கடை ஏறும். ஏறுறதுக்குள்ள நான் பாலக்காட்டு ரயில் ஏறிடுவேன். அடிபொளி!

ஷிஹாப்: கத்தாதே. ரோட்டுல லோடு இறக்குறவங்க பாக்குறாங்க.

சுல்ஃபத்: பாக்கட்டும். எழுந்திரிங்க.

ஷிஹாப்: எங்க?

சுல்ஃபத்: கேமராவை எடுங்க. மைலாஞ்சி இன்னும் செவப்பாத்தான் இருக்கு. அந்த ஜன்னல்கிட்ட நிக்கிறேன். இப்பவே கையை எடுத்து ஆல்பத்துல சேர்த்தா நாளைக்குக் காட்டிடலாம். உங்க கடை ஏறட்டும், எங்க அத்தா வாயடைச்சுப் போகட்டும். ம், எடுங்க!

ஷிஹாப்: வேண்டாம்.

சுல்ஃபத்: ஏன்?

ஷிஹாப்: வேண்டாம்னா விடேன்.

சுல்ஃபத்: லென்ஸ் மாத்தணுமா? நான் மாத்தறேன், கொடுங்க.

ஷிஹாப்: கேமராவை வை சுல்ஃபி... உக்காரு. சாம்பிளே வேண்டாம்.

சுல்ஃபத்: வேண்டாமா?

ஷிஹாப்: அனில் சேட்டன் வேண்டாம்னுட்டாரு. இடக்கொச்சியில நீ எடுத்தியே ஒரு கல்யாணம், அந்தப் பொண்ணோட உம்மாகிட்ட விசாரிச்சிருக்காரு. அந்தம்மா உன்னைப் பத்தி அரை மணி நேரம் பேசினாங்களாம். என்னைக் கூப்பிட்டு, "ஷிஹாப், உள்ள எடுத்தது வெளிய வராதுன்னு ஒரு பேரு இருக்கு பாரு, அதுக்குத்தான் நான் பங்கு கேக்குறேன். ஆல்பம் காட்டி அதைக் கெடுத்துடாதே"ன்னாரு.

சுல்ஃபத்: எப்போ சொன்னாரு?

ஷிஹாப்: செவ்வாய்க்கிழமை.

சுல்ஃபத்: உங்க வீட்டு மாடியில என்னைப் படம் எடுத்தது அதுக்கப்புறம், வெள்ளிக்கிழமை.

ஷிஹாப்: ஆமா.

சுல்ஃபத்: அப்போ இது யாருக்கு எடுத்தது மச்சான்?

ஷிஹாப்: உன் கல்யாணத்தன்னைக்கு நான் எங்க நிப்பேன், சொல்லு? ஆண்கள் பக்கம். பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்துல. அந்த டைல்ஸ்காரரைப் பார்த்து, "கொஞ்சம் சிரிங்க, இன்னும் கொஞ்சம்"னு சொல்லிக்கிட்டு. உன் பக்கத்துக் கதவு சாத்தியிருக்கும். சாத்தணும்னு சட்டம் போட்டதே நான்தான். எத்தனையோ பொண்ணுங்க கல்யாணத்துக்கு அந்தக் கதவுக்கு வெளிய நின்னிருக்கேன், ஒண்ணும் தோணல. உன்னோடதுக்கு மட்டும்... முடியாதுன்னு தோணுச்சு. ஒரே ஒரு தடவை பார்த்துக்கணும்னு இருந்துச்சு. பார்த்தேனா... அப்புறம் கையாவது, வளையலாவது. ஒண்ணும் கண்ணுல படல. சாம்பிள்னு உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். படம் எல்லாத்தையும் இப்பவே அழிச்சுடறேன். நீயே அழி. இந்தா... திட்டவாவது செய்யேன்.

சுல்ஃபத்: அனில் சேட்டன் உங்களுக்குப் போன் பண்ணின கையோட எனக்கும் பண்ணி, ஆல்பம் வேண்டாம்னு சொல்லிட்டாரு மச்சான்... அதுவரைக்கும் முடியாது முடியாதுன்னு இருந்தவ, அதுக்கப்புறம்தானே படம் எடுக்கச் சரின்னேன்.