ஆறு சிலிண்டரில் நாலு

துளசிங்கம்: ...இல்ல பாய், கிளட்ச்ச மிதிச்சாலும் உதறுது, வுட்டாலும் உதறுது. வண்டி நின்னாலும் உதறுது. எல்லாம் பாத்துட்டுதான் உன் ஷெட்டுக்கு ஓட்டிகினு வந்தேன்.

நஜீர்: அப்ப கியர் பெட்டி, சக்கரம் எதுவும் இல்ல. இஞ்சின்லயேதான் கோளாறு. எப்பலேந்து?

துளசிங்கம்: காலைலேந்து. மொதலாளிய ஆர்.கே.பேட்டைல எறக்கி வுட்டுட்டு வரேன், வழில புடிச்சிகிச்சு.

நஜீர்: வழிலனா எங்க?

துளசிங்கம்: வழிலதான்... எங்க ஊரு கண்டிகை தாண்டி. இன்னா பாய், போலீசு மாரி கேக்கற?

நஜீர்: நோவு எங்க ஆரமிச்சுதுனு கேக்காம வைத்தியம் பண்ண முடியுமா? ஸ்டார்ட் பண்ணு... ஆங். அப்படியே ஓடட்டும், காலை எடுத்துடு.

துளசிங்கம்: மட்கார்டு எப்டி ஆடுதுனு பாத்தியா? ஸ்டீரிங்கப் புடிச்சிகினு வந்ததுல கையே மரத்துப் போச்சு.

நஜீர்: பெட்ரோல்ல எதுனா கலந்தியா? ரேஷன் கூப்பன் தீந்துபோச்சுனு அவனவன் மண்ணெண்ணெய ஊத்திகினு வரான்.

துளசிங்கம்: மண்ணெண்ணெய் மட்டும் கடைல வழிஞ்சிகினா கீது? யுத்தம் வந்ததுலேந்து வெளக்குக்கே இல்ல, இதுல வண்டிக்கு எங்க ஊத்தறது?

நஜீர்: இருபது வருசமா டிரைவர் வேலை பாக்கற. இன்னா கோளாறுனு உனக்கே தெரியலயா?

துளசிங்கம்: ஓட்டறவனுக்கு ஓட்டத்தான் தெரியும். எல்லாம் தெரிஞ்சா உன் மூஞ்சப் பாக்க ஏன் வரேன்?

நஜீர்: போன வாரம் இதே வண்டி தெருமுனைல திரும்பறப்ப சத்தமே கேக்கல... சரி, அந்த ஸ்க்ரூ டிரைவர எடு. அதில்ல, மரப்பிடி போட்டது. ஷாக் அடிச்சு நான் வுழுந்தா உங்க மொதலாளியா வந்து தூக்குவாரு?

துளசிங்கம்: இந்தா.

நஜீர்: ஒவ்வொரு பிளக்கா நிறுத்திப் பாக்கறேன். நிறுத்தறப்ப சத்தம் மாறுச்சுனா அந்த சிலிண்டர் நல்லா கீதுனு அர்த்தம். மாறலனா அது ஏற்கெனவே செத்து... வேலை செய்யலனு அர்த்தம். காதக் குடுத்துக் கேளு. ஒண்ணு.

துளசிங்கம்: மாறுது.

நஜீர்: ரெண்டு.

துளசிங்கம்: மாறுது. இன்னும் ஜாஸ்தியா ஆடுது.

நஜீர்: மூணு... இன்னா, சொல்லு.

துளசிங்கம்: மாறல.

நஜீர்: நாலு நல்லா கீது. அஞ்சு?

துளசிங்கம்: அதுவும் மாறல.

நஜீர்: ஆறு... நல்லா கீது. ஆறு சிலிண்டர்ல நாலுதான் இழுக்குது. அதான் உதறல். நிறுத்து, போதும்.

துளசிங்கம்: பெரிய வேலையா?

நஜீர்: பாக்கணும். பிளக்கா இருக்கலாம். வால்வாவும் இருக்கலாம்...

துளசிங்கம்: வால்வுனா ஹெட்ட எறக்கணும் இல்ல? ரெண்டு நாளாவது ஆவும்.

நஜீர்: ரெண்டு நாள் ஆவணும்னு ஆசையா உனக்கு?

துளசிங்கம்: ஆசை இன்னா... நிதானமா செய்யினு சொல்றேன். மொதலாளி திங்கக்கிழமை வரைக்கும் பேட்டைலதான்.

நஜீர்: இன்னிக்குப் பரணி. அதோ, மேளம் கேக்குது பாரு, இப்பவே காவடிங்க மலைக் கோயிலுக்குப் போவ ஆரமிச்சிடுச்சு. நாளைக்கு ஆடிக் கிருத்திகைனா இந்தத் தெருவுல கால் வெக்க எடம் இருக்காது. அதான் இன்னிக்கு சாயந்தரமே கண்டிகைக்கு வந்து, உங்க வூட்டாண்ட...

துளசிங்கம்: எங்க வூட்டுக்கா? இன்னாத்துக்கு?

நஜீர்: சும்மாதான். தங்கச்சியப் பாத்து நாளாச்சு.

துளசிங்கம்: வண்டிய இப்டிப் போட்டுட்டு எங்க வருவ? மொதல்ல இத முடி.

நஜீர்: தங்கச்சி கெங்கம்மா வூட்லதான இருக்கும்?

துளசிங்கம்: பிளக்கக் கழட்டுவியா, பேசிகினே இருப்பியா?

நஜீர்: கழட்டறேன்... மூணாவது. பாரு, கரி புடிக்கல, எண்ணெ ஏறல. கொஞ்சம் ஈரமா கீது, அவ்ளோதான். இது நல்ல பிளக்கு. துளசிங்கம், உங்கிட்ட ஒண்ணு...

துளசிங்கம்: அஞ்சாவதையும் கழட்டு.

நஜீர்: அதுவும் இப்டித்தான் இருக்கும். கழட்டவே வேணாம்.

துளசிங்கம்: பாக்காமயே எப்டி சொல்ற? சரி, உங்க வூட்டுல அக்கா எங்க? வந்து இவ்ளோ நேரமாச்சு, ஒரு டீ கூட வரல.

நஜீர்: அவளுக்குத் தலைவலி. படுத்துகினு கீறா.

துளசிங்கம்: மூணு நாளாவா?

நஜீர்: மூணு நாளுனு நான் சொல்லலியே.

துளசிங்கம்: காபி கிளப்பு சிங்காரம் சொன்னான். நீயும் மூணு நாளா அந்தப் பக்கமே வரலியாம். இன்னிக்குக் காலைல மட்டும் போனியாம். எங்க வூட்டுல யாரு யாரு கீறாங்கனு கேட்டியாம்.

நஜீர்: வேலை இருந்துச்சு, அதான் வரல.

துளசிங்கம்: எந்த வேலை? ஷெட்டுல என் வண்டியத் தவிர ஒரு சைக்கிள் கூட இல்ல.

நஜீர்: நீ மட்டும் இன்னா? எந்த நாள் வந்தாலும் வண்டிய நிறுத்தறதுக்கு முன்னாடியே கேப்ப, "பரசு கிட்டேந்து கடுதாசி வந்துச்சா பாய்"னு. இன்னிக்குக் கேக்கவே இல்ல.

துளசிங்கம்: மறந்துட்டேன்.

நஜீர்: கடுதாசி நின்ன இந்த நாலு மாசமா ஒருநாள் கூட மறக்கல நீ.

துளசிங்கம்: ...புள்ள எனக்கா கடுதாசி போட்டான்? சொல்லாமக் கொள்ளாம மிலிட்டரில போய் சேந்தான். பெத்த அப்பன் வெலாசத்தக் குடுக்காம உன் ஷெட்டு வெலாசத்தக் குடுத்தான்.

நஜீர்: கண்டிகைல உன் வூட்டுக்கு நம்பர் கீதா? தெருவுக்குத்தான் பேரு கீதா? கடுதாசி தவறாம வந்து சேரணும்னு இதக் குடுத்தான். உம்மேல கோவத்துல இல்ல. ஒவ்வொரு கடுதாசிலயும் மொதல் வரி "நைனா எப்டி கீறாரு"தான். நான்தான உனக்குப் படிச்சுக் காட்டினேன்.

துளசிங்கம்: படிச்ச, படிச்ச. அஸ்ஸாம் பக்கம் மலைப் பாதை, எந்நேரமும் மழை, லாரி சேத்துல வழுக்குதுனு எழுதியிருந்தான். பங்குனில வந்ததுதான் கடைசி... சும்மா சொல்லக் கூடாது பாய். ரெண்டு வருசம் உங்கிட்ட வேலை பாத்தான், அக்கா கையால சாப்ட்டான். வேற எந்த வெலாசத்தக் குடுப்பான்?

நஜீர்: தங்கச்சி நாளைக்குக் காவடி எடுக்குதா?

துளசிங்கம்: ஆங். மாலை போட்டு இருபத்தொரு நாளாச்சு, ஒரு வேளைதான் சாப்பாடு. பூவுக்கெல்லாம் சொல்லி வெச்சிட்டா. போன வருசமே எடுக்க வேண்டியது. நான்தான் மொதலாளிய மெட்றாசுக்கு இட்டுகினு போய்ட்டேன், தொணைக்கு ஆள் இல்லாம நின்னுபோச்சு. நேந்துகினத நிறுத்தினா புள்ளைக்கு ஆவாதுனு வருசம் பூரா சொல்லிகினு கீறா.

நஜீர்: பரசு நல்லபடியா திரும்பி வரணும்னு நேந்துகிச்சா?

துளசிங்கம்: வேற எதுக்கு... நீ வால்வப் பாரு.

நஜீர்: வால்வுல ஒண்ணும் இல்ல துளசிங்கம். வண்டியே நல்லாத்தான் கீது.

துளசிங்கம்: இந்த உதறு உதறுது, நல்லா கீதுன்ற?

நஜீர்: வயர் மேல எல்லாம் தூசி. மூணாவதுலயும் அஞ்சாவதுலயும் மட்டும் விரல் தடம். இங்க இருக்க வேண்டிய வயர் அங்க கீது, அங்க இருக்க வேண்டியது இங்க கீது. தானா மாறுமா? பானெட்டத் தூக்கினப்பவே பாத்துட்டேன்.

துளசிங்கம்: அப்பறம் எதுக்கு ஒண்ணு, ரெண்டுனு எண்ணிகினு இருந்த?

நஜீர்: வேலை முடிஞ்சா பேசணும் இல்ல? அதுக்கு பயந்துகினு எண்ணினேன். நீ எதுக்கு மாத்தின?

துளசிங்கம்: பானெட்ட மூடு பாய், தூசி வுழுது.

நஜீர்: சரி, சொல்லாத. நான் சொல்லிடறேன், இதுக்கு மேல என்னால முடியல. செவ்வாக்கிழமை ஒரு தந்தி வந்துச்சு. அன்னிலேந்து ஜோபிலயே வெச்சிகினு சுத்தறேன். எடுக்கறேன், மறுபடி மடிச்சு வெக்கறேன். உள்ள அவ தலைவலினு படுத்துகினு கீறானு சொன்னேனே, தலைவலி இல்ல, அழுதுகினே கீறா. துளசிங்கம், நம்ம பரசு...

துளசிங்கம்: தெரியும் பாய்.

நஜீர்: இன்னா தெரியும்?

துளசிங்கம்: தந்திக்காரன் எங்கிட்டதான் வழி கேட்டான். "நஜீர் அகமது ஷெட்டு எங்க கீது, மிலிட்டரி தந்தி"ன்னான். நான்தான் இந்தத் தெருவக் கை காட்டினேன். உனக்கு மிலிட்டரிலேந்து தந்தி வரணும்னா வேற யாரு கீறாங்க?

நஜீர்: யா அல்லா... செவ்வாக்கிழமைலேந்து தெரிஞ்சிகினு இருந்தியா? நேரா எங்கிட்ட வந்திருக்கலாமே.

துளசிங்கம்: வந்தா சொல்லிடுவியே.

நஜீர்: இவ்ளோ நாள் ஒத்தையா எப்டிய்யா தாங்கின... கெங்கம்மாவுக்கு?

துளசிங்கம்: தெரியாது. பூ கட்டிகினு கீறா.

நஜீர்: பெத்தவ கிட்ட மறைக்கறது பாவம் இல்லியா? உங்க வழக்கத்துல சாவு சேதி வந்தா கோயிலுக்குப் போவக் கூடாதுனு சொல்வீங்களே.

துளசிங்கம்: காதுல வுழுந்த நேரத்துலேந்துதான் பாய் தீட்டு. அவ காதுல இன்னும் வுழல.

நஜீர்: சரி, காவடி எடுத்து முடிச்ச அன்னிக்கே இந்தச் சேதி போனா? இவ்ளோ விரதம் இருந்தேன், இப்டி பண்ணிட்டியேனு சாமி மேல அதுக்கு எவ்ளோ கோவம் வரும்?

துளசிங்கம்: சாமி மேல வரட்டும், அவரு தாங்குவாரு. காவடி எடுக்காததாலதான் எம்புள்ள போச்சுனு அவ மேல அவளே பழி போட்டுகினா, அதத் தாங்க மாட்டா பாய். நீ சாயந்தரம் வூட்டுக்கு வந்து நின்னா உன் மூஞ்சப் பாத்தே தெரிஞ்சிகினுவா. அதான் உன்ன இங்கயே கட்டிப் போட வயர மாத்திகினு வந்தேன். என் காதுல வுழுந்துடுச்சு, நான் மலையேறக் கூடாது. அவள எங்க அண்ணன் வூட்டு ஜனங்களோட அனுப்பிட்டு, மொதலாளி வண்டி ரிப்பேரு, கூடவே நிக்கணும்னு சொல்லிட்டு இங்க வந்து உக்காந்துக்கறேன். சரி பண்ணாத, அப்டியே வுடு. நாளைக்கு அவ காவடிய எறக்கி வெச்சிட்டு வந்து ஒரு வாய் சோறு சாப்டட்டும். அப்பால தந்திய எடுத்துகினு வா, இப்பதான் வந்துச்சுனு சொல்லு. நானும் அவ பக்கத்துல நின்னு, அப்பதான் மொதல்ல கேக்கற மாரி கேட்டுக்கறேன்.