நெஞ்சில் வைத்த கை

கதூமி, என் ராசா, உன்னைக் கூப்பிட்டுவிட்டுத்தான் வாய் திறப்பேன் என்று சொன்னேன். இறந்தவனைக் கூப்பிட்டு வாக்குமூலம் தொடங்கும் வழக்கமில்லை, பெயர், வயது, ஊர் என்றுதான் தொடங்க வேண்டும் என்று காவல் நிலைய எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். அதிகாரி ராதி அவரிடம், "அந்தம்மா சொல்றபடியே எழுதுய்யா" என்றார்.

என் பெயர் சபீஹா. தகப்பனார் பெயர் உவைத். ஜப்பாரின் மனைவி. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். திவானியாவுக்கு மேற்கே வாய்க்கால் கரையில் குடியிருக்கிறேன். நெல் வயலில் கூலி வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. காதிம் என் ஒரே தம்பி. வேன் ஓட்டிப் பிழைத்தான். கதூமி என்பது வீட்டில் அவனைக் கூப்பிடும் பெயர்.

சென்ற திங்கட்கிழமை காலை எங்கள் தாயார் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் யார் இறந்தாலும் புனித ஊரான நஜஃபுக்குக் கொண்டுபோய்த்தான் குளிப்பாட்டி அடக்கம் செய்வோம். என் கணவரும் மாமன்மாரும் குழிக்கு ஏற்பாடு செய்ய முன்னாலேயே புறப்பட்டுப் போனார்கள். அதன் பிறகு பள்ளிவாசலிலிருந்து இரவல் வாங்கி வந்த பெட்டியில் அம்மாவைக் கிடத்தி, வேனின் கூரைமேல் ஏற்றி, அவருடைய கறுப்பு அங்கியையே மேலே விரித்துக் கயிற்றால் கட்டினோம். கட்டி முடித்ததும் தம்பி சொன்னான்: "ஏன்க்கா, இத்தனை வருஷத்துல அம்மா என் வண்டியில ஒருநாள்கூட முன்சீட்டுல உக்காந்ததில்ல. இன்னைக்குப் பாரு, நம்ம எல்லாருக்கும் மேல ஏறி உக்காந்துட்டா." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் பின்சீட்டில் ஏறினேன். வண்டியில் வேறு யாரும் இல்லை.

வெளிநாட்டுக் கூட்டுப் படையின் சோதனைச் சாவடி பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே முன்பு இருந்தவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெட்டி கட்டிய வண்டியை அவர்கள் வரிசையில் நிறுத்தமாட்டார்கள். அது ஓரத்து மண் பாதையில் போகும், அவர்கள் எழுந்து நின்று வழி விடுவார்கள். பிணத்தை வெயிலில் காக்க வைக்கக் கூடாது என்பது அவர்களுக்கும் பழகிவிட்டது. அந்த வாரம்தான் அவர்கள் போய் வேறொரு நாட்டுப் படை வந்திருந்தது. சட்டைக் கையில் கொடி மாறியிருந்தது.

தம்பிக்கு அது தெரியும். அதனால் மண் பாதையில் போகாமல் எல்லோரையும் போல வரிசையில்தான் நின்றான். இதை அழுத்தி எழுதச் சொன்னேன். வண்டிகள் நகரவேயில்லை. வெயில் ஏறியது. எங்களுக்கு முன்னால் நின்ற தக்காளி லாரிக்காரர் இறங்கி வந்து, "ஏம்ப்பா, பெத்தவளைக் கூரைமேல போட்டு வறுக்கிறியா? நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? ஓரமாப் போ!" என்றார். "புதுசா வந்தவங்க அண்ணே, பழக்கம் தெரியுமோ என்னவோ" என்றான் தம்பி. "மையத்துப் பெட்டிக்கு எந்த நாட்டுக்காரன்யா வழி மறிப்பான்? அவனுக்கும் ஆத்தா இருப்பால்ல?" என்றார் அவர். மற்ற ஓட்டுநர்களும் ஹாரன் அடித்து, கையைக் காட்டி, தங்கள் வண்டிகளை ஒதுக்கி வழி விட்டார்கள். தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "போலாமாக்கா?" என்றான். நான் தலையசைத்தேன்.

அதன் பிறகு வண்டி மண் பாதையில் இறங்கிப் போனது. மெதுவாகத்தான் போனான், பெட்டி ஆடக் கூடாது என்று. மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சிப்பாய் எழுந்து கையைத் தூக்கி என்னவோ கத்தினான். அது எங்களுக்குத் தெரியாத பாஷை. தம்பி வேகத்தை இன்னும் குறைத்தான். வண்டி ஏறக்குறைய நின்றுவிட்டது. அப்போது அவன் வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையைத் தாழ்த்தினான். எங்கள் ஊரில் மரியாதை சொல்வதும் நன்றி சொல்வதும் அப்படித்தான். கை சட்டைக்கு மேல் இருந்தது. சட்டைக்குள் போகவில்லை. சுட்டார்கள்.

தம்பி ஸ்டியரிங் மேல் சாய்ந்தான். நான் கூப்பிட்டேன், பதில் இல்லை. சிப்பாய்கள் என்னை இறக்கித் தரையில் படுக்க வைத்தார்கள். அதன் பிறகு கயிற்றை அறுத்துப் பெட்டியை இறக்கி, நடுரோட்டில் திறந்தார்கள். திறந்தவன் அம்மாவைப் பார்த்ததும் தலைக்கவசத்தைக் கழற்றினான். தம்பியை ஒரு பையில் போட்டு முகாமுக்கு எடுத்துப் போனார்கள். வேனையும் எடுத்துக்கொண்டார்கள்.

லாரிக்காரர் தக்காளிக் கூடைகளை ரோட்டோரம் இறக்கிவிட்டு, அம்மாவை ஏற்றிக்கொண்டு என்னை நஜஃபுக்குக் கூட்டிப் போனார். வழி முழுக்கத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டு வந்தார். அங்கே குளிப்பாட்டும் பெண் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "கிழவியைச் சுட்டது யாரும்மா?" என்று கேட்டாள். "எங்கம்மா தூக்கத்துல போனவ" என்றேன். அவள் மறுபடி விலாவைப் பார்த்தாள். பிறகு தண்ணீரை ஊற்றத் தொடங்கினாள். பள்ளிவாசல் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, அதைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் பலகையில் குண்டு போன ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

மறுநாள் நானும் என் கணவரும் முகாம் வாசலுக்குப் போனோம். படைக்காரர்களின் மொழிபெயர்ப்பாளர், பாக்தாத்துப் பையன், வெளியே வந்தான். நிறுத்தச் சொல்லியும் காதிம் நிறுத்தவில்லை, சட்டைக்குள் கையை விட்டான் என்று நான் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டால் விசாரணை அதோடு முடியும், உடல் நாளைக்கே கிடைக்கும் என்றான். அப்படிச் சொல்லாவிட்டால் விவகாரம் அவர்கள் நாட்டுக்குப் போகும், எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது, அதுவரை உடல் முகாமின் குளிர் பெட்டியில்தான் என்றான். "நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் அத்தை" என்றான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சொன்னார்: "சொல்லிடு சபீஹா. செத்தவனுக்குப் பேரு எதுக்கு? மண்ணுதான் வேணும்." நான், "சட்டைக்குள்ள கை விட்டான்னா துப்பாக்கி எடுத்தான்னு அர்த்தம். பெத்தவ பெட்டியைக் கட்டிக்கிட்டு ஆளைக் கொல்லப் போனான்னு அர்த்தம்" என்றேன். "அப்ப அவன் ஐஸ்லயே கெடக்கட்டுமா?" என்றார். இன்று காலை இந்த நிலையத்தின் படியேறும்வரை அவர் சொன்னபடி சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன்.

தம்பி வண்டியை நிறுத்தினானா என்று அதிகாரி ராதி கேட்டார். ஏறக்குறைய நின்றுவிட்டது என்றேன். கை எங்கே இருந்தது என்று கேட்டார். என் கை தானாக என் நெஞ்சுக்குப் போனது. இங்கே, சட்டைக்கு மேலே என்றேன். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. எழுதினா எழுதினதுதான்" என்றார். எழுதுங்கள் என்றேன்.

இதை எனக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினார்கள். நான் கண்ணால் கண்டதைத் தவிர இதில் ஒரு சொல்லும் கிடையாது. யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொல்லவுமில்லை. என் இடது பெருவிரலைப் பதித்திருக்கிறேன்.

சபீஹா, உவைதின் மகள் (ரேகை)
என் முன் பதிந்தது: லெப்டினன்ட் ராதி

ரேகைக்குக் கீழே இதையும் எழுதச் சொன்னேன். கதூமி, கொலைகாரன் என்று உன்னை எழுதிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தால், நீ வந்திருப்பாயா?