விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

— ஒளிக்காத தொம்மாசோ, கையக் காட்டு. மாவுன்னு மட்டும் சொல்லிராத. உன் சாப்பாட்டுக் கடை மாவும் எனக்குத் தெரியும், சுண்ணாம்பும் தெரியும்.

— மெதுவா பேசு நுன்ஸியாக்கா. மாடிப்படியில நின்னு பேசினா நேப்பிள்ஸ் பூரா கேக்கும்.

— கேக்கட்டும். இன்ஜினியர் பொண்ணு விரிசல் மேல ஒட்டிட்டுப் போன கண்ணாடித் துண்ட எதுக்கு நோண்டுற?

— உடைஞ்சிருச்சு. இன்னைக்கு அவ பாக்க வர்றால்ல? அதான் புதுசு ஒட்டுறேன்.

— யாராச்சும் இடிச்சாங்களா?

— இல்ல. தானா.

— சுவரு நகந்தாத்தான் கண்ணாடி உடையும், உடைஞ்சா அந்த நிமிஷமே கூப்பிடணும்னு அவ உன்கிட்டயும்தான சொன்னா?

— சொன்னா. கூப்பிட்டா கடைக்குள்ள வருவா. நடுச்சுவரு எங்கன்னு கேப்பா.

— எங்க நடுச்சுவரு?

— பசை காயுறதுக்குள்ள இத ஒட்டிர்றேன்க்கா.

— தொம்மாசோ.

— எடுத்துட்டேன்க்கா. இன்னும் கொஞ்சம் மேசை போடலாம்னு. சும்மா தடுப்புச் சுவருதான்னு கொத்தனாரு சொன்னாரு, நானும் நம்புனேன். இல்லக்கா, நம்பல. நம்புன மாதிரி இருந்துகிட்டேன். உன் மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருக்கு. உன் வீட்டுக்காரருக்கு தினம் பாஸ்தா குடுத்துவிடுறேனே, எதுக்குன்னு நெனச்ச?

— நல்ல மனசுன்னு நெனச்சேன்.

— அவரு சக்கர நாற்காலி என் தலைக்கு மேல உருளுற சத்தம் கேட்டாப் போதும், அடுப்ப அப்படியே போட்டுட்டுத் தெருவுக்கு வந்துருவேன்.

— நீ மட்டும்.

— ஆமாக்கா. நான் மட்டும்.

— இதுவரைக்கும் எத்தன கண்ணாடி மாத்துன?

— ஈஸ்டருக்கு முன்னாடி ஒண்ணு, இப்ப ஒண்ணு. ரெண்டு தரம்தான்னா அவ்வளவா நகரலன்னுதான அர்த்தம்? ஏன்க்கா படியில உக்காந்துட்ட? நாலு வார்த்த திட்டிட்டாவது போ.

— திட்டுறதுக்கு எனக்கு என்ன யோக்கியத இருக்கு? நிலநடுக்கத்துக்கு அப்புறம் எங்கள ஒரு தகரப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தாங்க, ஞாபகம் இருக்கா? என் மக அதுக்குள்ளதான் நடக்கப் பழகுனா. மழ பேஞ்சா கட்டில் மேல குடை புடிப்போம். மறுபடி வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டா அவர வெச்சிகிட்டு எங்க போவேன்னு, புத்தி கெட்டுப் போச்சு எனக்கு.

— என்னக்கா சொல்ற?

— கீழ போடு அத. மேல வா, அவர நாற்காலியோட தூக்கி இறக்கணும். நான் நாலு கண்ணாடி மாத்தியிருக்கேன்.